ஓட்டோடா, உடைத்தா

ஹேசல்நட் அளவு என்றார் டாக்டர் எத்தேரி.
ஓட்டோடா, உடைத்தா என்று கேட்டேன்.
திரையிலிருந்து முகத்தைத் திருப்பி
அப்போதுதான் முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை.
ஸுக்திதியில், ரயில்பாதைக்குப் பின்னால் இருக்கும் ஆலையில்
ஓடும் பட்டையின் முன் நின்று
நாளுக்கு எட்டு மணிநேரம் கொட்டை பொறுக்குகிறவள் நான்.
பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் உள்ள
இரண்டு மில்லிமீட்டர் என் விரலுக்குத் தெரியும்.
நாற்றப்பூச்சி துளைத்ததை
உடைக்காமலே சொல்வேன்.

அதே விரல்தான் ஜனவரியில்
வெந்நீர் பாதியில் தீர்ந்துபோன குளியலில்
சோப்பு நுரைக்கடியில் இதையும் பொறுக்கியது.

இடது மார்பில் மூன்று.
ஒன்று, அழுத்தினால் நழுவி ஓடுகிறது.
படிக்கிற காலத்தில் இதை எலி என்போம் என்றார்.
எனக்கு உடனே கோணி ஞாபகம் வந்தது,
கோணியின் மூலையில் ஓட்டை.

பதினாறில் ஒன்று எடுத்தார்கள், வலதில்.
பத்தொன்பதில் அதே வலதில் இரண்டு.
இனி வராது என்று எவரும் சொல்லவில்லை.
நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டு வீடு வந்தேன்.
ஒரு தழும்பு நூலாக மெலிந்துவிட்டது.
மற்றது புழுவாகத் தடித்து
மழைக்கு முன்பு அரிக்கிறது.
அங்கே தொட்டால் எனக்குத் தெரிவதில்லை,
தொடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

புற்று இல்லை. ஊசி போட்டுப் பார்த்தாயிற்று.
வெட்டலாம், விடலாம்.
எல்லாவற்றையும் எடுத்தால்?
கொஞ்சம் பள்ளம் விழலாம்.
எடுக்காவிட்டால்?
கொஞ்சம் மேடு.
முடிவு உங்களுடையது என்றார்.
குத்தைஸியிலிருந்து வீடுவரை மார்ஷ்ருட்கா வேனில்
அந்த 'உங்களுடையது'
டிக்கெட் எடுக்காமல் என் மடியில் உட்கார்ந்து வந்தது.

எதிர்ப்பக்கம் நிற்கும் இங்கா
முட்டைக்கோஸ் இலையை வாட்டிக் கட்டச் சொன்னாள்.
கட்டினேன். சட்டையெல்லாம் நாற்றம்.
மூன்றும் அப்படியே.

இத்தாலியிலிருந்து அம்மா பேசினாள்,
எண்பத்தொன்பது வயது சிஞ்ஞோராவைக்
குளிப்பாட்டிய ஈரக்கையோடு.
எடுத்துவிடு, பணம் அனுப்புகிறேன்.
அந்த அம்மாளுக்கு ஒரு பக்கம் தட்டை.
தினமும் அந்த மடிப்பைத் துடைத்து
பவுடர் போடுகிறவளிடம்
அது வேறு, இது வேறு என்று மூன்று தடவை சொன்னேன்.
தெரியும் தெரியும் என்றாள்.
எடுத்துவிடு என்றாள்.

ஜாபாவிடம் இன்னும் சொல்லவில்லை.
அவன் கை கண்டுபிடிக்கவில்லை என்பதில்
எனக்குக் கொஞ்சம் நிம்மதி,
கொஞ்சம் கோபம்.

ஜூனில் மறுபடி ஸ்கேன்.
இரண்டு, அளவு மாறவில்லை.
எலி மட்டும் பதின்மூன்றிலிருந்து இருபத்தாறு.
எங்கள் சல்லடையில் அந்த அளவுக்குத் துளையே கிடையாது.

பட்டையில் ஒரு வழக்கம் உண்டு.
நல்லதைத் தொடாதே, சொத்தையைத் தள்ளு,
சந்தேகமாக இருந்தால் விடு,
இன்னொரு சுற்று வரட்டும்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் இது எனக்குப் பிடிக்கவே இல்லை.
கையில் வந்ததை விட்டுவிடுவதா என்று
எல்லாவற்றையும் எடுத்தேன்.
அன்று மாலை மேஸ்திரி என் வாளியைக் கொட்டிக் காட்டினார்.
பாதிக்கு மேல் நல்ல பருப்பு.

ஆகஸ்டில் புதுக் கொட்டை வந்துவிடும்.
வெட்டினால் இரண்டு வாரம் கை தூக்கக்கூடாது.
ஜூலை பதினான்கு என்று எழுதச் சொன்னேன்.
பெரியது மட்டும்.
மற்ற இரண்டும்? என்றார் எத்தேரி.
வரட்டும் என்றேன்.
தைரியத்தில் சொன்னேனா
அலுப்பில் சொன்னேனா, தெரியாது.

படிவத்தில் 'இடது' என்று இருந்தது.
சட்டைக்கு மேலேயே ஒருமுறை தொட்டுச் சரிபார்த்துவிட்டு
தேயோனா என்று கையெழுத்திட்டேன்.
நகக்கண்ணிலிருந்த ஓட்டுத்தூள்
தாளில் பழுப்பாக அப்பியது.
நர்ஸ் ஊதினாள்.
போகவில்லை.